கைலாசம் எடுக்காத ஊக்கு

போன மாதம் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டீர்கள். தடய அறிவியல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றுப் போனவளை எதற்குச் சேர்க்கிறார்கள் என்று முதலில் புரியவில்லை. பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல ஆள் குறைகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாளாக அதில் ஒரே பேச்சு, துப்பறியும் கைலாசம் தொடரைப் பற்றித்தான். புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு தம்பி, "நம்ம வேலைய இப்பத்தான் டிவில கரெக்டா காட்டுறாங்க" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனது, என் கட்டைவிரலும் வலிக்க ஆரம்பித்தது. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள், இல்லாதவர்கள் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போங்கள்.

கைலாசத்தை எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். விருதுநகரில் எங்கள் தெரு முனையில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே கைலாசம் நாவல்களுக்கு எப்போதும் அடிதடி. அட்டை கிழிந்து, முதல் பக்கம் போய், யாரோ ஒரு புண்ணியவான் கொலைகாரனின் பெயரை நடுவில் எழுதி வைத்திருப்பார். அப்படியும் படிப்போம். நான் இந்த வேலைக்கு வந்ததற்குப் பாதிக் காரணம் அந்த மனுஷன்தான்.

புத்தகத்தில் வரும் கைலாசம் கொஞ்சம் மந்தமான ஆள். தொப்பை உண்டு, மாடி ஏறினால் மூச்சு வாங்கும். கொலை நடந்த வீட்டுக்குப் போனால் முதலில் பிணத்தைப் பார்க்க மாட்டார். சமையல்கட்டுக்குப் போய், இன்றைக்கு என்ன குழம்பு, யார் காய் நறுக்கியது என்று கேட்டுக்கொண்டு நிற்பார். போலீஸ்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். ஒரு நாவலில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவரைத் தவறாகச் சந்தேகப்பட்டுவிடுவார். பிறகு கடைவீதி நிறைய ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து அவர் கடை வாசலுக்குப் போய், எல்லார் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்பார். எனக்கு அந்த நாவலில் மிகவும் பிடித்த இடம் அது.

டிவியில் வரும் கைலாசத்துக்கு வயிறு ஒட்டிக் கிடக்கிறது. கறுப்புக் கண்ணாடி, மோட்டார் பைக். ஓர் ஆளை ஏற இறங்கப் பார்த்தால் போதும், அந்த ஆளைச் சுற்றி எழுத்துகள் பறக்கின்றன. இடதுகைப் பழக்கம் உள்ளவர், நேற்று ரயிலில் வந்தவர், வீட்டில் பூனை வளர்ப்பவர். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பூனை எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தக் காட்சியை நான்கு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். சட்டையில் ஒரு முடிகூட இல்லை. கடிகாரக் கடைக் கதையையும் எடுத்திருக்கிறார்கள், ஆனால் அதில் சந்தேகப்படுவது ஒரு முட்டாள் இன்ஸ்பெக்டர். கைலாசம் வந்து அவரைத் திருத்துகிறார். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. திட்டிக்கொண்டே ஒரு வாரம்கூட விடாமல் பார்க்கிறேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இதில் என்னதான் இருக்கிறது, ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

அந்த ஆசைக்குத் தீனி போடுகிற மாதிரி ஒரு வாய்ப்பு வந்தது. பட்டாசு ஆலையில் நடக்கும் ஒரு கதைக்காகப் படப்பிடிப்புக் குழு சிவகாசிப் பக்கம் வந்திருந்தது. யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ஆலோசகராக ஒரு நாள் வந்து உட்காருங்கள் என்றார்கள். போனேன். பல வருடமாக மூடிக்கிடக்கும் ஓர் ஆலையில் ஓர் அறைக்குக் கரி பூசி, தீப்பிடித்த இடமாக மாற்றியிருந்தார்கள். பூச்சு நன்றாகவே இருந்தது.

இயக்குநர் சென்னைக்காரர், முப்பது வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. கைலாசம் பூட்ஸ் காலுடன், கையில் செல்போனுடன் ஆலைக்குள் வருவதைப் பார்த்து, பூட்ஸையும் போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்றேன். உடனே திருத்தினார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது. அடுத்த காட்சியில் போன பாதியும் திரும்பி வந்தது.

காட்சி இதுதான். கைலாசம் எரிந்த அறைக்குள் நுழைகிறார். சாம்பலிலிருந்து ஒரு வளையல் துண்டை இரண்டு விரலால் எடுக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். வெளியே வந்து, கூட்டத்தில் நிற்கும் பெண்களில் ஒருத்தியை நோக்கிக் கையை நீட்டி, "நீதான்" என்கிறார். அந்த ஒருத்தி நடிகை. சுற்றி நின்றவர்கள் தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து வேனில் அழைத்து வரப்பட்ட பெண்கள், நிஜமாகவே பட்டாசு வேலை செய்கிறவர்கள். கைலாசம் கையை நீட்டியதும் அவர்கள் எல்லாரும், ஒருவர்கூட மிச்சமில்லாமல், அந்த நடிகையை விட்டு இரண்டு எட்டு விலகி நின்றார்கள். நடுவில் அந்தப் பெண் மட்டும் தனியாக நின்றாள்.

இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நான் சொல்லவே இல்ல மேடம், அவங்களா பண்ணாங்க. எவ்ளோ ரியலா இருக்கு பாருங்க" என்றார். காட்சி முடிந்து மோர் குடிக்க வந்த ஒரு பெண்ணிடம், ஏன் அப்படி நகர்ந்தீர்கள் என்று கேட்டேன். "என்னமோ மேடம், கைய நீட்டிச் சொல்லவும் காலு தன்னால நகந்துருச்சு" என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. இதே பக்கத்தில், இதே போல ஒரு வாசலில், அப்படிப் பெண்கள் விலகுவதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கையை நீட்டியவள் நான்.

நான் வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகாத காலம். தாயில்பட்டிப் பக்கம் ஓர் ஆலையில், பூச்சட்டிக்கு வெடிமருந்து செலுத்தும் அறையில் தீப்பிடித்துவிட்டது. அந்த அறையில் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர், செல்வராணி, காளீஸ்வரி. ஒரே தெரு, ஒரே வேன், சாப்பாட்டுத் தூக்குவாளியைக்கூட மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறவர்கள். காலிச் சட்டி எடுத்து வரக் காளீஸ்வரி வெளியே போன நேரத்தில் தீ பிடித்திருக்கிறது. செல்வராணியை வெளியே தூக்கி மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அறை வாசலில் ஊரே நின்றது. உள்ளே இன்ஸ்பெக்டர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மேடம், வெளிய சனம் கொதிக்குது. ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க, நான் போய்ச் சொல்லிச் சமாளிக்கிறேன்" என்றார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார். உங்களையும் ஒருநாள் இப்படி ஒருவர் கேட்பார். அவர் கெட்டவராக இருக்க மாட்டார். வியர்த்து ஒழுகிக்கொண்டு, நிஜமான பயத்தில்தான் கேட்பார். அந்த நேரத்தில் நம்மிடம் பதில் இருக்கிறது என்று காட்டிக்கொள்ள மனசு கிடந்து துடிக்கும் பாருங்கள், அதுதான் இந்த வேலையில் மிகவும் ஆபத்தான இடம்.

அறைக்குள் எல்லாமே கரி. சுவர், தரை, சட்டிகள், ஒரு ரப்பர் விரிப்பின் மிச்சம். அதில் ஏதோ ஒன்று பளிச்சென்று கண்ணில் பட்டது. குனிந்து எடுத்தேன். சேலைக்குக் குத்தும் ஊக்கு.

மருந்து அறைக்குள் இரும்பு வரக்கூடாது. உரசினால் பொறி கிளம்பும். அது எல்லாருக்கும் தெரியும். நான் அந்த ஊக்கை இரண்டு விரலால் பிடித்து, கதவு வழியாக வந்த வெயிலில் தூக்கிப் பார்த்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிடம் என் மனசில் கைலாசம்தான் இருந்தார். பிறகு வெளியே வந்து இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். காளீஸ்வரி பக்கம் திரும்பி, "ஊக்கோட ரூமுக்குள்ள போனியா?" என்று கேட்டேன். கேள்வி மாதிரித்தான் கேட்டேன். ஆனால் என் கை ஊக்கோடு அவளை நோக்கி நீண்டிருந்தது. அவளைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்துவிட்டு நகர்ந்தார்கள்.

அவள் அழவில்லை. "எம் மேல ஊக்கு இல்ல மேடம். எல்லாரும் வெளிக்கேட்டுல தொங்குற துணியிலதான் குத்திட்டுப் போவோம். என்னுது அங்கனதான் இருக்கு, பச்ச நூலு கட்டுனது. ஒரு எட்டு போய்ப் பாருங்க" என்றாள்.

அந்த ஆலையில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஆலையின் வெளிவாசல் கேட்டில் ஒரு பலகையில் பழைய வேட்டித் துணியை ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி அதில் குத்திவிட்டு, சாயங்காலம் போகும்போது எடுத்துக்கொள்வார்கள். மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டி வைத்திருப்பார்கள். நான் நின்ற இடத்திலிருந்து அந்தப் பலகைக்கு ஒரு நிமிட நடை. நான் போகவில்லை. சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். என் கையில்தான் ஊக்கு இருக்கிறதே, வேறு ஊக்கை எதற்குப் பார்க்க வேண்டும் என்ற திமிர்.

மறுநாள் செல்வராணி இறந்துபோனாள். என் அறிக்கை இன்னும் எழுதப்படவே இல்லை. ஆனால் நான் சொன்னது என் ஜீப்புக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. ஊக்குக் குத்திக்கொண்டு போய்க் கூட வேலை பார்த்தவளைக் கொன்றவள் என்று காளீஸ்வரிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். உடலை எடுக்கிற அன்றைக்குச் செல்வராணி வீட்டு வாசல் பக்கம்கூட அவளை வரவிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். எங்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். சாத்தூரில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருந்தவர், அதிகம் பேசமாட்டார். எதையும் தொடுவதற்கு முன்னால் படம் எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அன்றைக்கு நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் அவர் எனக்கு முன்பே கதவோரம் நின்று ஒன்று எடுத்திருந்தார். அந்தப் படத்தை என் மேஜையில் வைத்தார்.

"மேடம், இந்தப் படத்துல அம்புட்டும் கரியாக் கெடக்கு. இந்த ஊக்கு மட்டும் எப்படி மினுங்குது?"

நகை மினுங்குவதைப் படம் பிடித்தே பழகிய கண் அது. நான் படத்தைப் பார்த்தேன். ஊக்கு சாம்பலுக்கு மேலே கிடந்தது. புத்தம் புதிதாக மினுங்கிக்கொண்டு கிடந்தது. அந்தச் சூட்டில் கிடந்த இரும்பு கறுத்துப்போயிருக்க வேண்டும். தீ அணைந்த பிறகுதான் அது அங்கே விழுந்திருக்க முடியும். மினுங்கியதால்தானே அது என் கண்ணில் பட்டது. எது என்னைக் குனிய வைத்ததோ, அதுவே நான் சொன்னது தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. 

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க அதுக்குள்ள வெளிய போய்ட்டீக" என்றார்.

அன்றைக்கே ஆலைக்குப் போனேன். சீல் வைத்துக் கிடந்தது. வாசல் பலகையில் அந்தத் துணி அப்படியே தொங்கியது. ஓடிப்போனவர்கள் யாரும் ஊக்கை எடுத்துப்போகத் திரும்பி வரவில்லை. மழையில் நனைந்து, சில துருப்பிடித்திருந்தன. பச்சை நூல் கட்டிய ஊக்கு இரண்டாவது வரிசையில் இருந்தது. அதற்கு ஒட்டினாற்போல் மஞ்சள் நூல் கட்டிய ஒன்று. அது யாருடையது என்று காவலாளியிடம் கேட்டேன். செல்வராணியுடையது என்றார்.

அப்படியானால் அறைக்குள் கிடந்தது யாருடையது? அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெளிப்பக்கம், மருந்து புழங்காததால் ஊக்கைக் கழற்ற வேண்டாத பெட்டி போடும் இடத்தில் வேலை பார்த்த ஓர் அம்மா, தீ தணிந்ததும் முதல் ஆளாக உள்ளே ஓடியிருக்கிறார். கட்டியிருந்த சேலையை உருவிப் போட்டு, அதில் செல்வராணியைக் கிடத்தி, நான்கு பேராகத் தூக்கியிருக்கிறார்கள். உருவின வேகத்தில் தோளில் இருந்த ஊக்கு தெறித்திருக்கிறது. "ஏம்மா, இத்தனை நாள் சொல்லல?" என்றேன். "யாரு கேட்டீக?" என்றார் அவர்.

இந்த இடம் வரைக்கும்தான் அந்த இயக்குநரிடம் சாப்பாட்டு இடைவேளையில் சொன்னேன். பச்சை நூல் வந்ததும் அவர் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "மேடம், இது சூப்பர். இத வச்சுக்கலாம். அப்ப யாரு தீ வச்சது?" என்றார். யாரும் வைக்கவில்லை என்றேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது. "கைலாசம் வந்து ஒருத்தரையாவது பிடிக்கணும் மேடம். இல்லன்னா பாக்குறவங்க ஏமாந்துருவாங்க" என்றார். கடிகாரக் கடை மன்னிப்பை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். "ஹீரோ தப்புப் பண்ணா யாரும் ஒத்துக்க மாட்டாங்க" என்றார். அப்படி ஒரு காட்சி நாவலில் இருப்பது தெரியுமா என்றேன். சங்கடத்துடன் சிரித்தார். நாவலை அவர் படிக்கவில்லை. சின்ன வயதில் அவர் அப்பாவின் அலமாரியில் அட்டைகளை மட்டும் பார்த்திருக்கிறார். அட்டையில் கைலாசம் எதையாவது இரண்டு விரலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அப்போது போயே போய்விட்டது. ஏனென்றால் நான் அத்தனை நாவலையும் படித்தவள். உள்ளே கைலாசம் எந்தக் கதையிலும் கீழே கிடக்கும் பொருளைத் தொடமாட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவ்வளவும் தெரிந்தவள், நெருக்கடி வந்தபோது அட்டைப்படத்தில் இருப்பதைத்தான் செய்தேன். அந்த இயக்குநர் தொடரில் செய்ததை நான் நிஜமான ஒருத்தியிடம் செய்திருக்கிறேன். இதில் யார் யாரைத் திட்டுவது?

அவரிடம் சொல்லாத மீதியை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆலையிலிருந்து திரும்பியதும் என் மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "அறிக்கை இன்னும் போகலையே. அந்த ஊக்கு விஷயத்தை எழுதாம விட்டுட்டா முடிஞ்சது. எதுக்குப் போட்டு உடம்பக் கெடுத்துக்கிறீங்க?" என்றார். எனக்கும் அது போதும் போலத்தான் இருந்தது. வெளியே வந்து படம் எடுப்பவரிடம் சொன்னேன். அவர் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "அந்தத் தெருவுல யாரு மேடம் அறிக்கை வாசிக்கப் போறாக?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் தாயில்பட்டிப் பக்கம் பேருந்தில் போனேன். அலுவலக ஜீப்பில் போகக் கூச்சமாக இருந்தது. காளீஸ்வரி வீட்டில்தான் இருந்தாள். எந்த ஆலையிலும் அவளைச் சேர்க்கவில்லை, வேனில் ஏற்ற மற்ற பெண்கள் சம்மதிக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். நான் சொன்னது தப்பு, மன்னித்துவிடு என்றேன். அவள் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய மேடம்? எனக்குத்தான் தெரியுமே. அங்கன வந்து சொல்லுங்க" என்றாள்.

செல்வராணி வீடு அதே தெருவில் பத்து வீடு தள்ளி. நாங்கள் நடந்து போவதை வீட்டுக்கு வீடு எழுந்து வந்து பார்த்தார்கள். அப்படியே எங்கள் பின்னால் வந்தார்கள். காளீஸ்வரி படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். செல்வராணியின் அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் உட்கார்ந்து, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். ஊக்கு தீ அணைந்த பிறகு விழுந்தது. காளீஸ்வரியின் ஊக்கு வாசல் துணியில் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. பார்க்காமல் பேசியது நான்.

 அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எம்புள்ள ரூமுல தீ எப்படித்தாம்மா பிடிச்சது?"

என்னிடம் பதில்கள் இருந்தன. வெயில், ஈரம் பட்டுத் தானே சூடேறும் மருந்து, உரசல், எல்லாமே சாத்தியம்தான். எதையும் நிரூபிக்க முடியாது. அந்த அறையில் அதற்கு மேல் எதுவும் மிஞ்சவில்லை. இன்றைக்கு வரைக்கும் நான் அதை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த முகத்துக்கு நேராக, ஏதோ ஒன்றைச் சொல்லி ஆறுதல் கொடுத்துவிட மறுபடியும் என் நாக்கு துடித்தது.

"தெரியலம்மா" என்றேன்.

 அந்த அம்மா ஒருமுறை தலையை ஆட்டினார். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஏ காளி, அங்கன ஏன் நிக்க? உள்ள வா" என்றார்.

காளீஸ்வரி உடனே படியேறவில்லை. என் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"இந்தத் தெரியலங்கிறத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல மேடம். அவளுக்கு ஒரு வாய்க்கரிசி போட்டிருப்பேன்."